பவுசர் எங்கே கவிழும் என்று அளந்து எழுதுங்கள்

வலுசக்தி அமைச்சுக்கும், மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கும், எரிபொருள் பவுசர்களை (தாங்கி லொறிகளை) ஒப்பந்தத்தில் அமர்த்தும் நிறுவனங்களுக்கும் திருகோணமலையிலிருந்து ஒரு திறந்த மடல்.

மதிப்புக்குரியவர்களே,

திருகோணமலையின் எண்ணெய்க் குதங்கள் உள்ள சீனக்குடாவில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு வெளியே வரும் ஒவ்வொரு பவுசரும் திரும்பும்போது பக்கவாட்டில் தள்ளும் விசையை, அதாவது பக்கவிசையை, எவ்வளவு தாங்கும், எதற்கு மேல் போனால் குடைசாயும் என்பதை அளந்து, அந்த எண்ணை வண்டியின் பதிவு ஆவணத்திலும் சாரதியின் கதவிலும் எழுதிவையுங்கள். எண் ஒரு குறித்த எல்லைக்குக் கீழே இருந்தால் அந்த வண்டிக்கு எரிபொருள் ஏற்றாதீர்கள். நான் கேட்பது இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பதை விளக்கத்தான் இந்த மடல் நீள்கிறது.

இந்த மாவட்டத்தில் நெடுங்காலம் மோட்டார் பொறிமுறை கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். என்னிடம் படித்தவர்களில் சிலர் பவுசர் ஓட்டுகிறார்கள். சிலர் தாங்கிகளுக்கு வெல்டிங் செய்கிறார்கள். ஒரு பவுசர் சரிந்தது என்று செய்தி வந்தால் முதலில் சாரதியின் ஊரைத்தான் தேடிப் பார்ப்பேன்.

பவுசர் சரிந்ததும் நடப்பது எப்போதும் ஒன்றுதான். பொலிஸார் வருவார்கள். சாரதி உயிரோடிருந்தால் கைது செய்யப்படுவார். பாரந்தூக்கி வந்து வண்டியை நிமிர்த்தும். வீதியில் மணல் கொட்டுவார்கள். மறுநாள் பத்திரிகையில் ‘அதிக வேகம்’, ‘கவனக்குறைவு’, ‘நித்திரைக் கலக்கம்’ ஆகிய மூன்றில் ஒன்று வெளிவரும். அத்துடன் கதை முடிந்துவிடும். சரிந்த வண்டியின் பக்கத்தில் அளவுநாடாவோடு ஒருவர் நின்று, ‘இந்தத் தாங்கி ஏன் இவ்வளவு உயரத்தில் இருக்கிறது?’ என்று கேட்டதை நான் கண்டதில்லை.

சாரதிகள் தவறே செய்வதில்லை என்று நான் வாதாட வரவில்லை. அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களத்துக்காகத் தாங்கி வண்டிகளின் கவிழ்வுகளை ஆராய்ந்தவர்கள், முக்கால்வாசிக்கும் அதிகமான விபத்துகளில் சாரதியின் தவறு ஏதோ ஒரு விதத்தில் கலந்திருந்ததாகவே கண்டார்கள். ஆனால் அதே தரவுகளில் இன்னொரு பக்கமும் உண்டு. கவிழ்ந்தவற்றில் பாதிக்கு மேற்பட்டவை நேரான வீதியில் கவிழ்ந்தவை. சாரதிகளில் மூன்றில் இரண்டு பங்கினர் பத்தாண்டுக்கு மேல் அனுபவம் உள்ளவர்கள். பத்தாண்டு ஓட்டிய மனிதர் நேரான வீதியில் வண்டியைச் சரிக்கிறார் என்றால், அவருடைய சிறு பிழையைப் பொறுக்க அந்த வண்டியில் இடமே இல்லை என்றுதான் பொருள். மனிதன் பிழைவிடுவான். பிழையைப் பொறுக்கும் வண்டியைக் கட்டுவது பொறியியலாளரின் வேலை. அப்படிக் கட்டச் சொல்லி வற்புறுத்துவது உங்கள் வேலை.

கணக்கு கடினமானதல்ல. என் மாணவர்கள் முதல் தவணையிலேயே செய்தார்கள். இரு பக்கச் சக்கரங்களுக்கும் இடையிலுள்ள அகலத்தில் பாதியை எடுங்கள். சுமையேற்றிய வண்டியின் ஈர்ப்பு மையம் நிலத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதனால் வகுங்கள். புவியீர்ப்பின் எத்தனை பங்கு அளவுக்குப் பக்கவிசை வந்தால் ஒரு பக்கச் சக்கரங்கள் நிலத்தைவிட்டு எழும் என்பதை வரும் விடை சொல்லும். சாதாரணக் காருக்கு இந்த எண் 1ஐத் தாண்டும். அதனால் கார் கவிழ்வதற்கு முன் பெரும்பாலும் சறுக்கிவிடும். நிறைசுமையோடு நிற்கும் ஒரு பவுசரில் பாதி அகலம் 95 சென்ரிமீற்றர், ஈர்ப்பு மையம் 2 மீற்றர் உயரம் என்று வைத்துக்கொண்டால் விடை 0.475. அதுவும் எங்குமே வளையாத, நசியாத ஒரு வண்டிக்கான கணக்கு. உண்மையில் வெளிப்பக்க டயர் நசிகிறது, வில்தகடுகள் வளைகின்றன, தாங்கி சாய்கிறது, உள்ளே இருக்கும் திரவமும் அதே பக்கம் ஒதுங்குகிறது. இவை எல்லாவற்றையும் கழித்தால் 0.35 அளவிலோ அதற்கும் கீழேயோதான் வந்து நிற்கும்.

இந்த எண்ணை வீதியில் வைத்துப் பாருங்கள். 60 மீற்றர் ஆரையுள்ள ஒரு வளைவில் மணிக்கு 40 கிலோமீற்றரில் போனால் பக்கவிசை ஏறத்தாழ 0.21. அதே வளைவில் 50 என்றால் 0.33. 55 என்றால் 0.40. நாற்பதில் கவலையின்றித் திரும்பும் வண்டி ஐம்பதில் விளிம்புக்கு வந்துவிடுகிறது, ஐம்பத்தைந்தில் சரிந்தேவிடுகிறது. இந்தப் பத்துப் பதினைந்து கிலோமீற்றர் வித்தியாசத்தைச் சாரதி தன் ஆசனத்தில் இருந்து உணர முடியாது. ஆசனம் இருப்பது முன்னால். தாங்கி சாயத் தொடங்குவது பின்னால். இழுவை வண்டியோடு பூட்டிய நீளமான பவுசர்களில் நிலைமை இன்னும் மோசம். பின்தாங்கியின் சக்கரங்கள் எழுந்துவிட்ட பிறகும் முன்னால் இருப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும்.

ஆகவே தாங்கியைப் பத்து சென்ரிமீற்றர் கீழே இறக்குவதும், அச்சை நிறுவக்கூடிய அளவுக்கு அகலமாக நிறுவுவதும் சின்னச் சின்ன வேலைகளாகத் தோன்றலாம். சாரதிக்கு உயிர்காக்கும் இடைவெளி அங்கேதான் கிடைக்கிறது. மேலே சொன்ன கணக்கில் ஈர்ப்பு மையத்தை 2 மீற்றரிலிருந்து 1.8 மீற்றருக்கு இறக்கினால் 0.475 என்பது 0.53 ஆகிறது. இதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. தாங்கியைச் சட்டகத்தின் மேல் தூக்கி வைக்காமல் சட்டகத்துக்குள் அமிழ்த்திக் கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

நான் கண்ணால் கண்ட ஒரு வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். என்னிடம் படித்த ஒருவர், கட்டுமானப் பணியிடங்களுக்கு டீசல் கொண்டுபோகும் ஒரு தனியார் பவுசரை ஓட்டினார். ஒரு மாலை நேரம், பாதிச் சுமையை இறக்கிவிட்டுத் திரும்புகையில் மாடொன்று குறுக்கே வந்திருக்கிறது. வலப்பக்கம் வெட்டி மாட்டைத் தவிர்த்தார். மீண்டும் இடப்பக்கம் திருப்பினார். வண்டி குடைசாய்ந்துவிட்டது. தோள் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர் சொன்னது இது: “நான் ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டேன் சேர். எண்ணெய் திரும்பவில்லை.”

வண்டியைத் திருத்தக் கொண்டுபோன பட்டறைக்கு நான் போனேன். தாங்கி வேறொரு லொறிக்காகச் செய்யப்பட்டது என்பது பார்த்ததுமே தெரிந்தது. இந்த லொறியின் சட்டகத்தில் அது பொருந்தாததால் இரும்பு வாய்க்கால் சட்டங்களை இரண்டடுக்காக வைத்து, நடுவில் மரக்கட்டைகளைச் செருகி, அவற்றின் மேல் தாங்கியை ஏற்றிப் பூட்டியிருந்தார்கள். மரக்கட்டைகள் நசிந்து ஒரு பக்கம் மெலிந்திருந்தன. தாங்கியின் அடிவயிறு என் நெஞ்சுயரத்துக்கு நின்றது. மூடியைத் திறந்து கைவிளக்கை அடித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு தடுப்புச் சுவர்கூட இல்லை, ஒரே அறை. வில்தகடுகளுக்கும் அவற்றைத் தாங்கும் கொளுவிக்கும் இடையே என் சுண்டுவிரல் நுழையும் இடைவெளி. வண்டி சாயும்போது அந்த இடைவெளி நிரம்பும்வரை வில் எந்த எதிர்ப்பும் காட்டாது. தாங்கி சும்மாவே கொஞ்சம் கவிழ்ந்து, பிறகுதான் வில்லில் போய் இடிக்கும். இத்தனையும் சேர்ந்து சரித்த வண்டிக்கு, கவனக்குறைவு என்ற குற்றச்சாட்டைச் சுமந்தவர் அந்த இளைஞர் மட்டுமே. அவருடைய வேலை போயிற்று. அதே தாங்கி, அதே மரக்கட்டைகளின் மேல், வேறொரு சாரதியோடு மீண்டும் வீதிக்கு வந்தது. இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

“எண்ணெய் திரும்பவில்லை” என்று அவர் சொன்னது இயற்பியல் உண்மை. நிறைகுடம் தளும்பாது, குறைகுடம்தான் தளும்பும் என்பதை இங்கே யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அமெரிக்கத் தரவுகளிலும் கவிழ்ந்த தாங்கிகளில் அறுபது வீதத்துக்கு மேற்பட்டவை முழுதாக நிரம்பாமல் குறைசுமையோடு இருந்தவை. இரண்டு மீற்றர் அகலமான தாங்கி பாதி நிரம்பியிருந்தால் உள்ளே இருக்கும் திரவம் ஒரு பக்கம் போய்த் திரும்பி வர ஏறக்குறைய ஒன்றேமுக்கால் வினாடி எடுக்கும். அவசரத்தில் வெட்டித் திருப்பும் சாரதியின் கை அசைவும் கிட்டத்தட்ட அதே தாளத்தில் இருப்பதுதான் கொடுமை. முதல் வெட்டில் ஒதுங்கிய எண்ணெய், இரண்டாவது திருப்பத்தில் வண்டி சாயும் பக்கமே முழு வேகத்தில் வந்து மோதுகிறது.

தாங்கிக்குள் தடுப்புத் தகடு வைத்தால் தீர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். தாங்கி செய்வோரிலும் அப்படி நினைப்பவர்கள் உண்டு. வழமையாக வைக்கப்படும் குறுக்குத் தகடுகள் முன்பின்னாக வரும் அலையை உடைக்கும். பிரேக் பிடிக்கும்போது வண்டியை எண்ணெய் முன்னால் தள்ளாமல் காக்கும். ஆனால் பக்கவாட்டில் எண்ணெய் ஒதுங்குவதை அவை தடுப்பதில்லை. அதற்கு நெடுக்காக ஓடும் தகடுகள் வேண்டும். அல்லது தாங்கியின் வெட்டுமுகமே மாற வேண்டும். முழு வட்டமான தாங்கி வலிமையானது, ஆனால் உயரம் கூடியது. அதை நசுக்கி நீள்வட்டமாக்கினால் ஈர்ப்பு மையம் இறங்கும். ஆனால் அகலம் கூடுவதால் அரைச்சுமையில் எண்ணெய் அதிக தூரம் ஒதுங்கும். ஒன்றைத் திருத்தப் போனால் மற்றொன்று கெடுகிறது. மொன்ட்ரியலில் உள்ள கொன்கோடியாப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இந்தச் சிக்கலைத்தான் எடுத்து, அடி அகன்று மேல்நோக்கிக் குறுகும், முனைகள் மழுங்கிய முக்கோணத்தை ஒத்த வெட்டுமுகங்களை ஆராய்ந்தார்கள். நிறைசுமையில் மையம் தாழ்ந்திருக்கும். குறைசுமையிலும் ஒதுங்கல் கட்டுக்குள் இருக்கும். நாளைக்கே எல்லாத் தாங்கிகளையும் அப்படிச் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. புதிதாகத் தாங்கி வாங்கும் கேள்விப்பத்திரத்தில் கொள்ளளவும் விலையும் கேட்கப்படும் பக்கத்தில், முழுச்சுமையிலும் அரைச்சுமையிலும் கவிழ்வு வரம்பு என்ன என்ற ஒரு வரியும் இருக்கட்டும் என்கிறேன்.

நிரப்பு நிலையங்களுக்குப் போகும் பவுசர்கள் 6,600 லீற்றர் கணக்கில் அறைகளாகப் பிரிக்கப்பட்டிருப்பது நல்லதே. ஓர் அறையை முழுதாக இறக்கி, மற்ற அறையை முழுதாக வைத்திருந்தால் தளும்பல் இல்லை. கந்தளாயில் ஓர் அறை, அடுத்த ஊரில் ஓர் அறை என்று இறக்கும்போது எந்த அறையை முதலில் இறக்குவது என்பது மட்டும் சாரதியின் வசதிக்கோ, நிலையத்தின் குழாய் நிற்கும் பக்கத்துக்கோ விடப்படக் கூடாது. பின்பக்கம் மட்டும் பாரமாகிவிட்டால் முன்சக்கரங்கள் இலேசாகி ஸ்டியரிங் பிடி தளரும். இறக்கும் ஒழுங்கு பற்றுச்சீட்டிலேயே அச்சாக வேண்டும்.

இனி எங்கள் வீதிகளுக்கு வருகிறேன். கொழும்பில் இருந்து பார்ப்பவர்களுக்கு ஏ-6 நெடுஞ்சாலை காப்பெற் போட்ட நல்ல வீதி. தம்பலகாமம், முள்ளிப்பொத்தானை, கந்தளாய், அக்போபுர, அதற்கப்பால் காடு. அறுவடைக் காலத்தில் தம்பலகாமத்துப் பக்கம் வந்து பாருங்கள். வீதியின் ஒரு பக்கத்தில் நெடுந்தூரத்துக்கு நெல் காய்கிறது. ஓரங்களில் கல்லோ மரக்கிளையோ வைத்திருப்பார்கள். உலர்த்தத் தளம் இல்லாத விவசாயி வேறு எங்கே போவான்? அவன்மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் எதிரே பஸ் வரும்போது பவுசர் சாரதிக்கு நெல்லில் ஏறுவதா, இடப்பக்க மண் ஓரத்தில் இறங்குவதா என்று தீர்மானிக்க அரை வினாடிதான் இருக்கிறது. மழையில் ஊறிய அந்த மண் ஓரத்தில் இடப்பக்கச் சக்கரம் இறங்கினால் புதையும். அனுபவமில்லாதவர் உடனே வலப்பக்கம் வெட்டி இழுப்பார். காப்பெற்றின் விளிம்பில் டயர் இடிக்கும். அந்த இடத்தில்தான் வண்டி சரியும். வேகம் நாற்பதாக இருந்தாலும் சரியும்.

இரவில் மாடுகள் சூடான தாரில் படுத்துக் கிடக்கும். அக்போபுரவுக்கும் ஹபரணைக்கும் இடையில் யானை கடக்கும். இவை எதுவும் விதிவிலக்கல்ல, எங்கள் அன்றாடம். வெட்டித் திருப்ப வேண்டிய தேவை இந்த வீதியில் எப்போதும் வரும் என்று வைத்துத்தான் வண்டியைத் தெரிவு செய்ய வேண்டும்.

வீதியின் ஓரங்களில் வாய்க்கால்கள் ஓடுகின்றன என்பதையும் மறந்துவிடாதீர்கள். கந்தளாய்க் குளத்து நீர்தான் இந்த வயல்களுக்குப் பாய்கிறது. திருகோணமலை நகரத்தின் குடிநீரும் கந்தளாயிலிருந்தே வருகிறது. 13,200 லீற்றர் டீசல் என்றால் ஏறத்தாழ 11 தொன். அது ஒரு போகத்து நெற்பயிருக்குள் இறங்கினால் அதற்கு யார் கணக்குச் சொல்வது?

பெற்றோல் என்றால் இன்னும் பயங்கரம். 2017 ஜூன் 25ஆம் திகதி, பெருநாளுக்கு முந்திய நாள், பாகிஸ்தானின் பஹவல்பூர் மாவட்டத்தில் அஹ்மத்பூர் ஷர்க்கியாவுக்கு அருகே ஒரு பெற்றோல் பவுசர் நெடுஞ்சாலையில் கவிழ்ந்தது. கசிந்த பெற்றோலை அள்ளக் குடம், போத்தல், வாளிகளோடு அயலூர் மக்கள் ஓடிவந்தார்கள். தீ மூண்டது. 200க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்நாட்டு எண்ணெய் ஒழுங்குமுறை அதிகாரசபை விசாரித்தபோது, வண்டி விதிக்கப்பட்ட தொழில்நுட்பத் தரத்துக்கு ஏற்றதாக இருக்கவில்லை என்று தெரியவந்தது. இறந்தவர்களைப் பேராசைக்காரர் என்று அன்று பலர் ஏசினார்கள். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் நாங்கள் கான்களோடு நாட்கணக்கில் வரிசையில் நின்றதை நினைத்துப் பார்க்கிறேன். அந்த நாட்களில் முள்ளிப்பொத்தானையில் ஒரு பவுசர் சரிந்திருந்தால் யார் ஓடியிருக்க மாட்டார்கள்? வறுமையில் ஓடிவரும் மக்களைக் கண்டிப்பதால் பயனில்லை. கவிழ்ந்தாலும் கசியாத தாங்கி வேண்டும்.

அதற்கும் வழி தெரிந்ததுதான். தாங்கியின் மேல்மூடிகள் கூரைமட்டத்துக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தால் வண்டி தலைகீழாகும்போது முதலில் உடைவது அவைதான். மூடிகளின் இரு பக்கமும் அவற்றைவிட உயர்ந்த உறுதியான காப்பு வரம்புகள் நெடுக்காக இருந்தால் நிலத்தில் அவை மோதும், மூடிகள் தப்பும். காற்றுப்போக்கி வால்வு வண்டி கவிழ்ந்தால் தானாக மூடிக்கொள்ள வேண்டும். அடியில் எண்ணெய் இறங்கும் வால்வு தாங்கிக்கு உள்ளே இருக்க வேண்டும். வெளிக்குழாயில் திட்டமிட்டே பலவீனமான ஒரு வளையம் வெட்டப்பட்டிருக்க வேண்டும். இடிபட்டால் குழாய் அந்த இடத்தில் உடைந்து விழும், உள்வால்வு மூடியபடியே இருக்கும். நம் வீதிகளில் ஓடும் நல்ல பவுசர்களில் இவை இருக்கின்றன. இல்லாதவையும் அதே வாயிலால் வெளியே போகின்றன என்பதுதான் என் முறைப்பாடு.

பிற நாடுகள் என்ன செய்தன என்று பார்ப்பதில் வெட்கமில்லை. ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழுவின் 111ஆம் ஒழுங்குவிதி தாங்கி வண்டிகளின் கவிழ்வு நிலைத்தன்மைக்காகவே எழுதப்பட்டது. முழுச்சுமையோடு வண்டியைச் சரிவு மேசையில் ஏற்றி, இரு பக்கமும் 23 பாகை சாய்த்துப் பார்க்க வேண்டும். அதுவரை கவிழக் கூடாது. சரிவு மேசை இல்லாவிட்டால் கணக்கால் நிறுவலாம்: வினாடி வர்க்கத்துக்கு 4 மீற்றர் பக்க முடுக்கத்தை, அதாவது மேலே சொன்ன கணக்கில் ஏறத்தாழ 0.41ஐ, தாங்க வேண்டும். நியூசிலாந்து பாரவண்டிகளுக்கு 0.35 என்ற அடிமட்ட எல்லையை 2002ஆம் ஆண்டு விதியில் வைத்தது. அந்த விதிக்கு முன் அங்கே செய்த ஆய்வு கண்டது இதுதான்: நிலைத்தன்மை மிகக் குறைந்த 15 வீதமான வண்டிகளே கவிழ்வு, கட்டுப்பாட்டிழப்பு விபத்துகளில் ஏறக்குறைய 40 வீதத்தில் சம்பந்தப்பட்டிருந்தன. அதாவது எல்லா வண்டியையும் மாற்றத் தேவையில்லை. மோசமானவற்றைக் கண்டுபிடித்து அகற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும். அளக்காமல் அவற்றை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

அவுஸ்திரேலியாவில் 2013 ஒக்டோபரில் சிட்னியின் மோனா வேல் பகுதியில் எரிபொருள் தாங்கி வண்டியொன்று கவிழ்ந்து எரிந்து இருவர் இறந்தார்கள். இதற்குப் பிறகு நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் ஆபத்தான சரக்கேற்றும் தாங்கிகளுக்குக் கவிழ்வுத் தடுப்பு மின்னணு அமைப்பைக் கட்டாயமாக்கியது. பக்கவிசை எல்லையை நெருங்கும்போது, சாரதி கேட்காமலே இந்த அமைப்பு பின்தாங்கியின் பிரேக்குகளைப் பிடிக்கும். வேகமாக வளைவுக்குள் நுழைந்தவரைப் பல வேளைகளில் காப்பாற்றும். மண் ஓரத்தில் புதைந்தவரை அதனால் காப்பாற்ற முடியாது. ஆகவே இந்தக் கருவியைப் பூட்டிவிட்டு உயரமான தாங்கியை அப்படியே விட்டுவிடும் குறுக்குவழிக்கு இடம்கொடுக்க வேண்டாம்.

சீனக்குடாக் குன்றுகளில் நிற்கும் எண்ணெய்க் குதங்களைப் பாருங்கள். பிரித்தானியர் கட்டியவை. ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு, காட்டுக்குள் பரப்பி வைத்தார்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானத் தாக்குதலில் குதமொன்று எரிந்தழிந்தது. 99 குதங்கள் இன்றும் நிற்கின்றன. ஓரிடத்தில் அசையாமல் நிற்கும் எண்ணெய்க்கு அவ்வளவு முன்யோசனை! அதே எண்ணெய் சக்கரத்தில் ஏறி எங்கள் பிள்ளைகளின் பாடசாலை வாசல்களைக் கடக்கும்போது ஏன் அந்த யோசனை இல்லாமல் போகிறது? 2022 ஜனவரி உடன்படிக்கையின்படி 61 குதங்கள் கூட்டு நிறுவனத்திடமும், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடமும், 14 இந்திய நிறுவனத்திடமும் இருக்கின்றன. 2025 ஏப்ரலில் திருகோணமலையை எரிசக்தி மையமாக்க இந்தியாவோடும் ஐக்கிய அரபு இராச்சியத்தோடும் உடன்பாடு கைச்சாத்தானது. பழைய குதங்கள் ஒவ்வொன்றாக உயிர்பெற்றால் வாயிலால் வெளியே வரும் பவுசர்களும் பெருகும். விதியை எழுதுவதற்கு இதைவிட நல்ல வேளை வராது. வண்டிகள் பெருகிய பிறகு எழுதினால், அவற்றை வாங்கியவர்களின் கடனைக் காட்டி விதியைத் தளர்த்தச் சொல்வார்கள்.

செலவு பற்றி நீங்கள் கேட்பீர்கள். சிறு உரிமையாளர் ஒருவர் வங்கிக் கடனில் ஒரு பவுசர் வாங்கி ஓட்டுகிறார்; அவரை நாளைக்கே நிறுத்தச் சொல்வது நியாயமல்ல. எனவே படிப்படியாகச் செய்யுங்கள். முதலாவது ஆண்டில் அளந்து எழுதுவது மட்டும் போதும். யாரையும் நிறுத்த வேண்டாம். அளப்பதற்குப் பெரிய செலவில்லை. அச்சுப் பாரத்தை நிறுக்கும் தராசு, அளவுநாடா, வில்தகட்டின் விவரம், தாங்கியின் வரைபடம், இவற்றை வைத்துக் கணக்கிடத் தெரிந்த ஒரு பொறியியலாளர் போதும். சந்தேகத்துக்குரிய வண்டிகளைச் சாய்த்துப் பார்க்க நாட்டில் ஒரு சரிவு மேசையாவது வேண்டும்; அதை இங்கே, வண்டிகள் நிறைந்து புறப்படும் இடத்துக்கு அருகில் அமையுங்கள். தண்ணீர் நிரப்பிச் சோதிக்கலாம், எண்ணெய் தேவையில்லை. எண்கள் கையில் வந்த பிறகு எல்லையைத் தீர்மானியுங்கள். ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது வரம்பு கூடிய வண்டிக்கு முன்னுரிமை என்று அறிவித்தாலே, உரிமையாளர்கள் தாமாகத் தாங்கிகளைக் கீழே இறக்கிக் கட்டுவார்கள்.

ஆண்டுதோறும் தகுதிச் சான்றிதழுக்காக வண்டிகள் பார்க்கப்படுகின்றன. பவுசருக்கு அந்தப் படிவத்தில் இன்னும் சில வரிகள் சேருங்கள்: தாங்கிக்கும் சட்டகத்துக்கும் நடுவில் மரக்கட்டை செருகியிருக்கிறதா, வில்தகட்டுக் கொளுவியில் இடைவெளி எவ்வளவு, காப்பு வரம்பு மூடியைவிட உயரமா, உள்வால்வு மூடுகிறதா. தாங்கியை வேறு சட்டகத்துக்கு மாற்றினால் பழைய அளவு செல்லாது, மீண்டும் அளக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். என் மாணவர் ஓட்டிய வண்டி இந்த ஒரு வரியிலேயே பிடிபட்டிருக்கும்.

பிரதேச சபைகளும் இதைப் படிக்கட்டும். கோடையில் குடிநீர் கொண்டுபோகும் உழவு இயந்திரப் பெட்டிகளும் தாங்கிகள்தான். உயரமான பெட்டியின் மேல் தடுப்பில்லாத தொட்டியை வைத்து, வீடு வீடாக இறக்கி இறக்கி எப்போதும் அரைகுறையாகவே அவை ஓடுகின்றன. வரம்போரத்தில் அவை சரிவது செய்தியாக வருவதில்லை. நெருப்பு இல்லாவிட்டாலும், அடியில் அகப்படுபவன் மனிதன்தான்.

சாரதிகளைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசப்பட்டவர், ஒரு நாளைக்கு இன்னொரு நடை கூடினால்தான் வீட்டுச் செலவு கட்டும் என்ற நிலையில் இருப்பவர், கதவில் எழுதிய எண்ணை மட்டும் பார்த்து மெதுவாகப் போகமாட்டார். கூலி முறையும் மாற வேண்டும். அத்துடன் அளவு எழுதப்படாத வண்டியையும், ஒழுங்கு தவறி அரைச்சுமை ஏற்றிய வண்டியையும் ஓட்ட மறுக்கும் உரிமை அவருக்கு எழுத்தில் வேண்டும். மறுத்ததற்காக அவர் வேலை இழக்கக் கூடாது. இதைச் சாரதிகளின் சங்கங்களோடு இருந்து பேசி எழுதுங்கள். கணக்குப் பார்க்கவும், அளவுநாடா பிடிக்கவும், இளம் பரிசோதகர்களுக்குக் கற்பிக்கவும் சம்பளமில்லாமல் வர நான் தயாராக இருக்கிறேன். என்னோடு வேலை செய்த வேறு ஆசிரியர்களும் வருவார்கள். எந்தத் திகதியில், எந்த வாயிலில் தொடங்குகிறீர்கள் என்று மட்டும் அறியத்தாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மோட்டார் பொறிமுறைப் போதனாசிரியர்,
திருகோணமலை.